ஏழாம் வரிசை, பன்னிரண்டாம் இடம்

அங்க நிக்காதீங்க மேடம், மண்ணு வழுக்கும். இந்தப் பக்கமா வாங்க. இல்ல இல்ல, ரெண்டு கல்லறைக்கும் நடுவால வேணாம், சுத்தி வாங்க. ஒண்ணுமில்ல, நான் அப்படித்தான் நடக்கிறது. பழகிப்போச்சு.

உங்க அப்பா கல்லறையை யாரு இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிறதுன்னு கேட்டீங்க. கேட்டுட்டு பர்ஸைத் திறந்தீங்க. அதை மொதல்ல மூடி வைங்க. மூணு வருஷமா நான்தான் பாத்துக்கிறேன். கமிட்டி எனக்குச் சம்பளம் குடுக்கிறது ரெஜிஸ்டர் எழுதுறதுக்கும் கேட்டைப் பூட்டுறதுக்கும். கல்லறை கழுவுறது அதுல வராது. இது நானா செய்யறது. அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஒரு பொம்பளை பாத்துக்கிட்டா. ரோசலின்னு பேரு. உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்க வழியில்ல.

உக்காருங்க. பெஞ்சு ஈரமாத்தான் இருக்கும், பேப்பர் போட்டுத் தரேன்.

என்னை ஞாபகம் இருக்கா? அப்பாவை அடக்கம் பண்ண அன்னிக்கு உங்க தலைக்குக் குடை பிடிச்சிட்டு ஒருத்தன் நின்னானே, அது நான்தான். ஹவில்தார் கிளார்க் மதலைமுத்து. இருபத்திநாலு வருஷ சர்வீஸ் மேடம், என் சர்வீஸ் புக்குல ஒரு சிவப்பு மை கிடையாது. நீங்க யாரை வேணா விசாரிச்சுக்கலாம். பென்ஷன் வந்ததும் ஃபாதர் கூப்பிட்டு, நீ பட்டாளத்துல பேப்பர் பாத்தவன், இந்தப் பட்டாளக் கல்லறைக்கும் கணக்கப்பிள்ளையா இருன்னாரு. இருந்துட்டேன்.

ரோசலியைப் பத்திச் சொல்லணும்னா அவ புருஷன்கிட்ட இருந்து வரணும். அப்பாவுக்கு எடது கைப்பக்கம் படுத்திருக்காரு பாருங்க, தனிஸ்லாஸ், லான்ஸ் நாயக், வண்டி ஓட்டுறவர். சண்டையில சாகல. மேட்டுப்பாளையத்துல இருந்து ரேஷன் ஏத்திட்டு மலையேறி வந்த லாரி, பர்லியாறு தாண்டி ஒரு வளைவுல உருண்டுபோச்சு. முப்பது வருஷம் இருக்கும். பட்டாளத்துல ஒரு நல்ல விஷயம் மேடம், டூட்டியில செத்தா எப்படிச் செத்தாலும் ஒரே மரியாதைதான். நல்ல பெட்டி, தூக்க ஆறு பேர், பெட்டி மேல கொடி, குழிக்குள்ள இறக்கறப்ப பிகிள் ஊதுவாங்க. அப்புறம் அந்தக் கொடியை மடிச்சு பொஞ்சாதி கையில குடுப்பாங்க. ரோசலிக்குக் குடுத்தாங்க. அவளுக்கு அப்ப இருபத்திமூணு வயசு. கல்யாணமாகி பதினோரு மாசம்.

நான் அப்ப அசாம்ல இருந்தேன். பாக்கல. அவ சொல்லித்தான் தெரியும். எத்தனை தடவை சொல்லியிருப்பாங்கிறீங்க! கொடியைக் குடுத்துட்டு ஒரு சுபேதார் சாப் சொன்னாராம், "அழாதம்மா, பட்டாளம் உன்னைக் கைவிடாது. புருஷன் பக்கத்துல உனக்கும் எடம் உண்டு, அது ரூல்." சொல்லிட்டு பக்கத்துல இருந்த வெத்து மண்ணைக் கையால காட்டினாராம். ரூல் உண்டுதான். சர்வீஸ்ல இறந்தவங்க, பென்ஷன் வாங்குறவங்க, அவங்க சம்சாரம், எல்லாருக்கும் இங்க எடம் உண்டு. அன்னிக்கே ஒரு சீட்டு எழுதி, சீல் போட்டு, ரெஜிஸ்டர்ல ஒட்டினாங்க. ஏழாம் வரிசை, பன்னிரண்டாம் இடம்.

இருபத்திமூணு வயசுப் பொண்ணுகிட்ட அவ குழியைக் காட்டி இதுதான் உன் எடம்னு சொன்னா அது என்ன செய்யும்? அவ அப்படியே புடிச்சிக்கிட்டா. வீட்டுல மறு கல்யாணம் பேசியிருக்காங்க. "எனக்குத்தான் எடம் போட்டாச்சே"ன்னாளாம். கீழ டீ பேக்டரியில தூள் சலிக்கிற வேலை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா நேரா இங்க. புருஷன் கல்லறையைக் கழுவுவா, அப்புறம் தன் எடத்தைக் களையெடுப்பா. ஒரு வருஷம் தன் எடத்துல உருளைக்கிழங்கு போட்டுட்டா மேடம்! நான் சத்தம் போட்டேன், கல்லறையில எவளாவது விவசாயம் பண்ணுவாளான்னு. "என் எடந்தானே கிளார்க்கண்ணே"ன்னு சிரிச்சா. கிழங்கு நல்லா விளைஞ்சது. எங்க வீட்டுக்கும் ஒரு பை குடுத்தனுப்பினா. என் வீட்டுக்காரி சமைக்க மாட்டேன்னுட்டா.

அதுக்கப்புறம்தான் லில்லி நட்டா. வெள்ளை லில்லி.

நீங்க ஏன் கீழ பாக்குறீங்க? உங்களுக்கு ஞாபகம் வந்துடுச்சா?

ஆமா, அதே லில்லிதான். ஜூலை மாசம், அடைமழை. நீங்க கனடாவுல இருந்து வந்து சேர ரெண்டு நாள் ஆச்சு. அதுவரைக்கும் உங்க அப்பாவை, மேஜர் சாபை, ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். நீங்க வந்து எறங்கினதும் நேரா இங்க வந்தீங்க, எடம் பாக்கணும்னு. சிலுவைக்கிட்ட நின்னு சுத்திப் பாத்துட்டு, விரலை நீட்டிச் சொன்னீங்க: "இங்கயே. பள்ளத்தாக்கு தெரியுது. பூ கூட இருக்கு பாருங்க, அப்பாவுக்குன்னே யாரோ நட்டு வச்ச மாதிரி."

நான் உங்க மேல தப்பு சொல்லல மேடம். சத்தியமா சொல்லல. உங்களுக்கு என்ன தெரியும்? அப்பனைப் பறிகொடுத்துட்டு நிக்கிற பொண்ணு. ஒன்பதாம் வரிசையில செவுத்தோரமா ஒரு எடம் காலியா இருந்தது. பக்கத்துல சாக்கடை போகும். மேஜர் சாபை அங்க கொண்டுபோய் வைக்க முடியுமா? அவர் இந்த மலையில நடந்து போனா நாங்கள்லாம் பென்ஷன் வாங்கி இருபது வருஷம் ஆனப்புறமும் விறைச்சு நிப்போம். அந்த மாதிரி மனுஷன். கையில ரெஜிஸ்டர் வச்சிருந்தேன், பிளாஸ்டிக் கவர் போட்டு. திறந்தேன். பன்னிரண்டாம் எடத்துல சீட்டு இல்ல. மழை ஈரத்துல பசை விட்டு உதிர்ந்துபோச்சு போல. "ஆகட்டும் மேடம்"னேன். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் அடக்கம். நீங்க நாலாம் நாளே திரும்பிப் போயிட்டீங்க. கிரானைட்டுக்குப் பணம் குடுத்துட்டு, அளவு என்கிட்ட விட்டுட்டுப் போனீங்க. நான் தாராளமாவே போடச் சொன்னேன், மேஜர் சாபுக்கு. சுத்தி ஒரு அடி அகலத்துக்குக் கல்லுக்கட்டை வச்சு.

ரோசலி ஞாயித்துக்கிழமை வந்தா. நான் அங்க, கேட்டுக்கிட்ட ரெஜிஸ்டர் எழுதிட்டிருந்தேன். பாத்துட்டேதான் இருந்தேன். கையில தண்ணி டின்னு. வழக்கமா புருஷன் கல்லறைக்கு ரெண்டு அடி முன்னாடி செருப்பைக் கழட்டுவா. அன்னிக்குக் கழட்டாம நின்னுட்டா. புது மண்ணு மேடா இருக்கு, மேல பெரிய பெரிய மாலை. லில்லியெல்லாம் வேரோட பிடுங்கி ஓரத்துல கெடக்கு. அப்புறம் என்கிட்ட வந்தா.

"இது யாருங்கண்ணே?"

"மேஜர் லாரன்ஸ் அடைக்கலம். பெரிய ஆபீசர்."

"என் எடத்துலயா?"

நான் கமிட்டி முடிவுன்னேன். நீங்க நம்ப மாட்டீங்க, ஒரு சத்தம் இல்ல, ஒரு சாபம் இல்ல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம், பட்டாளத்துக்காரன். "அப்ப நான் எங்கண்ணே?"ன்னு மட்டும் கேட்டா. பாக்கலாம்மா, எடமா இல்லன்னேன். தலையாட்டிட்டுத் திரும்பிப் போனா. போய் தனிஸ்லாஸ் கல்லறையைக் கழுவினா. கழுவிட்டு, டின்னுல மிச்சம் இருந்த தண்ணியை உங்க அப்பா மேட்டு மேல தெளிச்சு, சரிஞ்சுபோன மாலையை எடுத்து நேரா வச்சா.

அன்னில இருந்து ஆறு வருஷம், ஒரு ஞாயித்துக்கிழமை தவறாம ரெண்டு கல்லறையும் அவதான். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி தனிஸ்லாஸுக்கு நாலுன்னா மேஜருக்கும் நாலு. ஏம்மா உனக்கு இந்த வேலைன்னு ஒரு தடவை கேட்டேன். "என் படுக்கையில படுத்திருக்காருண்ணே. அழுக்கா விட முடியுமா?"ன்னா. கழுவுறப்ப பேசுவா. புருஷன்கிட்ட வீட்டுக்கதை. மேஜர்கிட்ட மரியாதையாத்தான். "சார், கொஞ்சம் தள்ளிப் படுங்க சார்." கட்டையைத் தேய்ச்சிட்டே சொல்லுவா. விளையாட்டாத்தான் சொல்றான்னு நான் சிரிப்பேன். அவ சிரிக்க மாட்டா.

தனிஸ்லாஸ் குழியிலயே மேல வச்சிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. மத்த ஊர்ல அப்படித்தான் செய்வாங்க, பழைய குழியைத் திறந்து பொஞ்சாதியையும் வைப்பாங்க. இங்க ஆகாது மேடம். மூணடிக்குக் கீழ பாறை. ஒரு பெட்டிக்கே மூச்சுத் திணறும். பன்னிரண்டாம் எடம் போனா வேற எடமும் இல்ல. அந்தச் செவுத்தோர எடத்தையும் வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு, ரெண்டு வருஷத்துல கல்லறையே நிறைஞ்சுபோச்சு. ஏற்கனவே பதிஞ்சு வச்சவங்களுக்கு மட்டும்தான், புதுசா யாருக்கும் கிடையாதுன்னு கமிட்டி போர்டு வச்சுட்டாங்க. கேட்டுல தொங்குதே, அந்த போர்டு.

ஒரு நாள். இதைச் சொல்லலாமா வேணாமான்னு இருக்கு. சனிக்கிழமை மத்தியானம், பனிமூட்டம் எறங்கி பத்தடிக்கு அப்பால ஒண்ணும் தெரியல. புல்லு வெட்ட ஆள் வரணும், அதுக்காக வந்தேன். ஏழாம் வரிசை முனையில ஒரு ஜோடி செருப்பு. ஒழுங்கா ஜோடி சேத்து வச்சிருக்கு. கிட்ட போனா, ரெண்டு கல்லறைக்கும் நடுவுல, இதோ இந்தச் சந்துல, அவ படுத்திருக்கா. ஒருக்களிச்சு. முந்தானையைக் கால்ல சுத்தி இழுத்துச் செருகிட்டு, கையைக் கன்னத்துக்கு அண்டக் குடுத்துட்டு, கண்ணை மூடிட்டு. செத்துட்டான்னே நெனச்சேன்.

"ரோசலி!"ன்னு கத்தினேன்.

அவ கண்ணைத் திறக்காமயே, "அளவு பாத்தேண்ணே"ன்னா. "ஒண்ணரை அடி இருக்கு. நான் இப்படி ஒருக்களிச்சா சரியா இருக்கு. பெட்டிதான் கொள்ளாது."

எந்திரிச்சு உக்காந்து முதுகு மண்ணைத் தட்டிவிட்டா. அப்பவே இருமல் இருந்தது. அத்தனை வருஷம் டீத்தூள் சலிச்சா நெஞ்சுக்குள்ள வேற என்ன இருக்கும்? மூச்சு வாங்கி முடிச்சுட்டுச் சொன்னா, "சாருக்குச் சுத்தி வச்சிருக்கிற கட்டையில இந்தப் பக்கம் ஒரு அடி வெட்டினா ரெண்டரை அடி ஆயிடும். அவரை ஒண்ணும் தொட வேணாம், கல்லை மட்டும்தான். அவர் பொண்ணு சரின்னு கையெழுத்துப் போட்டா போதும்னு ஃபாதர் சொன்னாரு. நீங்க ஒரு லெட்டர் போடுங்கண்ணே. எனக்கு எழுத வராது. நீங்க அழகா எழுதுவீங்க."

எழுதினேன். அன்னிக்கே உக்காந்து எழுதினேன். மரியாதைக்குரிய அம்மையார் அவர்களுக்குன்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம். ரெண்டு தடவை திருத்தி, மூணாவதா நல்ல பேப்பர்ல. உங்க அட்ரஸ் ரெஜிஸ்டர்ல இருக்கே. பதில் வரல.

நாலு மாசம் கேட்டுட்டே இருந்தா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், கேட்டுக்குள்ள நுழையறப்பவே, "பதில் வந்துச்சாண்ணே?" வரலம்மா. "பாவம், அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன கஷ்டமோ"ம்பா. போயி மேஜர் கல்லறையைக் கழுவுவா. அஞ்சாவது மாசம் கேக்கிறதை விட்டுட்டா. அக்டோபர்ல படுத்தா. மழை புடிச்சு ஏழாம் நாள் போயிட்டா. ஆஸ்பத்திரியில கடைசியா நான் பாத்தப்ப, மூக்குல குழாய் வச்சிருந்தாங்க, பேச முடியல. கையை நீட்டி ஒரு சாண் அளந்து காட்டினா. அப்புறம் அதோட நாலு விரல். ஒரு அடிதாண்ணேங்கிற மாதிரி.

அவளுக்கு யாரும் இல்ல. அக்கா மகன்கள் ரெண்டு பேர் குன்னூர்ல இருந்து வந்தானுங்க. நான்தான் ஓடினேன் எல்லாத்துக்கும். படைவீரர் விதவைக்கு ஈமச்சடங்கு உதவி உண்டு மேடம், நலத்துறை ஆபீசுல. மத்தவங்க அதுக்கு மாசக்கணக்கா அலைவாங்க. நான் ஒரே நாள்ல ஃபாரம் எழுதி, சர்டிபிகேட் வச்சு, சீல் வாங்கி, பணத்தைக் கையில குடுத்தேன். நல்ல பெட்டி வாங்கினோம். வேற எவனும் இவ்வளவு செஞ்சிருக்க மாட்டான். இதை நான் பெருமைக்குச் சொல்லல.

பெட்டி கோயில்ல இருக்கு. பக்கத்து ரூம்ல கமிட்டி. ஃபாதர், பட்டாளத்துல இருந்து ஒரு இளவயசு கேப்டன், ஊர்க்காரர் ஒருத்தர். நான் ரெஜிஸ்டரோட நிக்கிறேன். கேப்டன் நல்ல பையன். "படைவீரர் மனைவிதானே, பதிவு இருந்தா இன்னிக்கே குடுத்துடலாம், எங்க இருக்குன்னு பாருங்க"ன்னாரு. ஃபாதர் கேட்டாரு, "மதலைமுத்து, ரெஜிஸ்டர்ல அந்தம்மா பேர் இருக்கா?"

திறந்தேன். ஏழாம் வரிசை, பன்னிரண்டு. என் கையெழுத்துலதான் இருக்கு, மேஜர் லாரன்ஸ் அடைக்கலம். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அதைச் சுத்தி நாலு மூலையிலயும் பழுப்பா நாலு பசைக்கறை.

ஃபாதர் விரலை வச்சுத் தடவினாரு. "இது என்ன?"

"பழைய ரெஜிஸ்டர் ஃபாதர். பூச்சி."

உதிர்ந்துபோச்சுன்னா சொன்னேன் உங்ககிட்ட? ஆமா, சொன்னேன். மழையில பசை இளகியிருந்தது உண்மை மேடம். முக்கால்வாசி தானாத்தான் வந்தது. ஒரு மூலை மட்டும் ஒட்டிட்டு இருந்தது. அதை நகத்தால லேசா... நீங்க எதிர்ல நின்னுட்டு அழுதுட்டிருக்கீங்க. விரலை நீட்டி இங்கயேன்னு சொல்லிட்டீங்க. மேஜர் சாப் பொண்ணு கேட்டதுக்கு இல்லன்னு சொல்ற வாய் எனக்கு எங்க இருக்கு? எனக்கு அந்தப் பழக்கமே இல்ல. சீட்டு வீட்டுல இருக்கு, பைபிள்ல வச்சிருக்கேன். கிழிக்கல. அதைக் கிழிச்சுப்போட எனக்கு மனசு வரல. அதை நீங்க கவனிக்கணும்.

அங்கயே எடுத்துக் காட்டியிருக்கலாமேன்னு தோணும் உங்களுக்கு. காட்டினா, இது எப்படிய்யா உன் வீட்டுக்குப் போச்சுன்னு கேப்பாங்களே? இருபத்திநாலு வருஷ சர்வீஸ்.

ஃபாதர் விடல. "அந்தக் கட்டையில ஒரு அடி வெட்டுற விஷயம் என்னாச்சு? மேஜர் பொண்ணுக்கு எழுதினியா?" எழுதினேன் ஃபாதர், பதில் இல்லன்னேன். "போன் பண்ணிப் பாரேன்"னாரு. நம்பர் மாறிடுச்சு ஃபாதர்னேன். கேப்டன் பேனாவை மூடினாரு.

அன்னிக்குச் சாயங்காலமே கீழ ஆத்தோரக் கல்லறையில வச்சோம். அது நகராட்சிக் கல்லறை, யாருக்கு வேணா எடம் குடுப்பாங்க. மழைன்னு பத்துப் பேர்தான். சம்சாரத்துக்குப் பிகிள் கிடையாது, அது ரூல். அவ டிரங்குப் பெட்டியில புருஷனோட கொடி மடிச்சபடி இருந்தது. அக்கா மகன் அதை எடுத்து பெட்டி மேல போடப் பாத்தான். நான் வேணாம்டா, அது படைவீரருக்கு மட்டும்தான்னு தடுத்தேன். சட்டம்னா சட்டம்தானே? அப்புறம் அதை உள்ள, அவ தலைமாட்டுல வைக்க விட்டேன். பெட்டிக்கு முன்பக்கம் தோள் குடுத்தது நான்தான். லேசா இருந்தா. ஆள் உள்ள இருக்காளான்னு சந்தேகமா இருந்தது.

பதினெட்டாம் நாள் மண்சரிவு. உங்களுக்கு அங்க நியூஸ் வந்திருக்காது. அந்த வருஷம் நவம்பர் மழையில ஆத்தோரச் சரிவு அப்படியே பேந்து ஆத்துல எறங்கிடுச்சு. கல்லறையில கீழ்ப்பாதி, முப்பது நாப்பது குழி. நான் போய்ப் பாத்தேன். செகப்பு மண்ணு, ஒரே செகப்பு மண்ணு. பலகைத் துண்டு ஒண்ணு ரெண்டு மரவேர்ல மாட்டிட்டு இருந்தது. யாரோடதுன்னு யாரு சொல்ல முடியும்? தண்ணி பவானி வரைக்கும் போகும். அவளுக்கு இப்ப எடமே இல்ல மேடம்.

நான் பேய் பிசாசு நம்புறவன் கிடையாது. இத்தனை வருஷம் கல்லறைச் சாவி இடுப்புல வச்சிட்டு இருக்கேன், ஒரு நாள் பயந்ததில்ல. ஆனா அந்தச் சந்துல புல்லு அமுங்கிக் கெடக்கு. வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள். ஆள் நீளத்துக்கு, தலைமாடு கால்மாடு தெரியற மாதிரி. காட்டெருமை உள்ள வரும் இங்க, செவுரு ஒரு பக்கம் இடிஞ்சிருக்கு. காட்டெருமை படுத்திருக்கும்னு புல்லு வெட்டுற ஆள் சொல்றான். நானும் அதையேதான் சொல்லிக்கிறேன். ஆனா ஒண்ணரை அடியில காட்டெருமை எப்படி மேடம் படுக்கும்? என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். "செத்துப்போன அத்தனை பேர் இருக்காங்க, உங்களுக்கு அவ ஒருத்திதான் தெரியறாளா?"ன்னு எந்திரிச்சு உள்ள போயிட்டா. அவளுக்கு என்ன தெரியும்?

அதனாலதான் நான் கழுவுறேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், ரெண்டையும். அவ செஞ்ச மாதிரியே.

என்ன கேட்டீங்க?

லெட்டரா? இல்ல... கனடாவுக்குத் தபால் போறது அப்படித்தான், நடுவுல எங்கயாவது தொலைஞ்சிருக்கும். அட்ரஸ் மாறலையா? இன்னும் அதே வீடுதானா? போன் நம்பரும்... ஆமா. ஆமா, நீங்க முந்தாநாள் கூப்பிட்டப்ப பாத்தேன், ரெஜிஸ்டர்ல இருக்கிற அதே நம்பர்தான்.

போடல மேடம்.

சட்டைப்பையில வச்சிட்டு போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போனேன். மூணு தடவை போனேன். ஸ்டாம்பு கூட ஒட்டிட்டேன். உங்க அப்பா கல்லறையில இருந்து ஒரு அடி வெட்டிக்குடுங்கன்னு மேஜர் சாப் வீட்டுக்கு ஒரு ஹவில்தார் எப்படி மேடம் எழுதறது? அதுக்கு மேல, எழுதினா அந்த எடம் யாரோடதுன்னு நீங்க கேப்பீங்க. அது யாரு ரோசலி, அவ எடம் எப்படி எங்களுக்கு வந்ததுன்னு கேப்பீங்க. நீங்க எப்படியும் மாட்டேன்னுதான் சொல்லப்போறீங்க, எதுக்கு வீணா ஒரு கெட்ட பேருன்னு திரும்பி வந்துட்டேன். பதில் வரலன்னு அவகிட்டச் சொன்னேன். நாலு மாசம் சொன்னேன்.

என்ன சொல்றீங்க? சத்தமாச் சொல்லுங்க, காத்து அடிக்குது.

அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?

ஒரு அடி என்ன, அந்தக் கல்லையே மொத்தமா எடுத்துடுங்கன்னு சொல்லியிருப்பீங்களா? அப்பாவும் அதைத்தான் விரும்பியிருப்பாரா? அந்த எடம் ஒருத்தரோடதுன்னு அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, செவுத்தோரத்துலயே வைக்கச் சொல்லியிருப்பீங்களா?

இல்ல மேடம். நீங்க இப்ப அழுதுட்டு இருக்கீங்க, அதனால சொல்றீங்க. அன்னிக்குச் சொல்லியிருக்க மாட்டீங்க. எந்த மகளும் சொல்ல மாட்டா. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, கோவம் வந்திருக்கும் உங்களுக்கு. ஒரு ஹவில்தார் எனக்கு எழுதறானான்னு கிழிச்சுப் போட்டிருப்பீங்க. மாட்டேன்னுதான் சொல்லியிருப்பீங்க.

இல்லைன்னு தலையாட்டாதீங்க மேடம். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், அப்படித் தலையாட்டாதீங்க. நீங்க மாட்டேன்னு சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சுத்தான் நான் மூணு வருஷமா தூங்கிட்டிருக்கேன்.